ஆறுதலா வாங்கோ, பிள்ளை

இந்த அக்டோபரோடு நாங்கள் டொராண்டோவுக்கு வந்து மூன்று வருஷம் நிறைகிறது. நானும் கணவரும், நான்கு பெட்டிகளும். இங்கே கிளம்பி வரத் தயாராகிறவர்கள் போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது: "அந்த ஊர் பழகுறதுக்கு எவ்வளவு நாளாச்சு?" எந்த பூட்ஸ் வாங்கலாம், எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம் என்று பதில் சொல்லிவிட்டுப் போனை வைப்பேன். வைத்த பிறகு, கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லவில்லையே என்று மனசு உறுத்தும். அது போனில் அடங்குகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காகித வேலைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். சர்வீஸ் கனடா என்ற அரசு அலுவலகத்தில் சின் (SIN) என்கிற சமூகக் காப்பீட்டு எண்ணை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, எனவே அதுதான் முதல் வேலை. மருத்துவக் காப்பீடான ஓஹிப்புக்கு முன்பெல்லாம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். 2020 மார்ச்சில் அந்த விதியை எடுத்துவிட்டதால் எங்களுக்கு உடனே கிடைத்தது. கடையில் அலமாரியில் போட்டிருக்கும் விலைக்கு மேல் பில்லில் 13 சதவீத வரி சேரும், அரிசி, பால், காய்கறிக்குச் சேராது. ஒரு சென்ட் நாணயம் 2013இலேயே புழக்கத்திலிருந்து போய்விட்டதால் ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்ட் கணக்கில் சரிக்கட்டுவார்கள். இதெல்லாம் இரண்டு வாரத்தில் கைவந்துவிடும்.

வீடு கிடைப்பதுதான் கஷ்டம். புதிதாக வந்தவருக்கு கிரெடிட் ஹிஸ்டரி இருக்காது. வேலைக் கடிதமும் இருக்காது. நாங்கள் முதலில் பேசிய வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்டார். கொண்டுவந்த பணத்தில் பாதி அதற்கே போயிருக்கும். வேறு வழி தெரியாமல் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டோம். பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் நூலகத்துக்குப் போனது எங்கள் அதிர்ஷ்டம். டொராண்டோவின் பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன, சில கிளைகளில் புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டவென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் காகிதத்தில் எழுதியே காட்டினார்: டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் கேட்கக்கூடியது முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகைக்கு ஒரு டெபாசிட், சாவிக்கு ஆகும் செலவளவு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். வாடகை ஒப்பந்தத்துக்கு மாகாண அரசே ஒரு படிவம் வைத்திருக்கிறது, 2018 ஏப்ரல் 30 முதல் அது கட்டாயம். அந்தக் காகிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். யார் புதிதாக வந்தாலும் முதலில் நூலகத்துக்குப் போங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அப்புறம் வீடு கிடைத்தது ஒரு தமிழ்ப் பத்திரிகையில். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளின் வாசலில் வாராந்தரப் பத்திரிகைகளை இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒரு விளம்பரம்: "ஸ்காபுறோவில் பேஸ்மென்ற் வாடகைக்கு." நான் பிறந்ததிலிருந்து படிக்கிற எழுத்துதான், ஆனாலும் இரண்டாவது தடவை படித்த பிறகுதான் ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட், அதாவது கீழ்த்தள வீடு, என்று புரிந்தது. பத்திரிகையின் மேலே ஊர்ப் பெயர் 'ரொறன்ரோ' என்று இருந்தது. வேறு ஏதோ ஊர் என்று நினைத்துவிட்டேன்.

போன் செய்தேன். வயதான ஒரு பெண் குரல். "ஓம், இருக்கு. வந்து பாருங்கோ. அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ, பிள்ளை."

எனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது. அந்த வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் போல என்று கணவரிடம் சொன்னேன். கலகலப்பாக எதுவும் பேசிவிடக் கூடாது என்று பஸ்ஸிலேயே இரண்டு பேரும் பேசிக்கொண்டு, முகத்தைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு போய் நின்றோம். கதவைத் திறந்தவர் சிரித்த முகமாக "வாங்கோ, வாங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றார். ஆறுதலாக என்றால் மெதுவாக, நிதானமாக என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பத்து நாள் ஆனது.

2021 கணக்கெடுப்பின்படி டொராண்டோவின் மக்கள்தொகை சுமார் 27.9 லட்சம். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். வருவதற்கு முன் இதைப் படித்தபோது நான் மனசைத் தயார்செய்து வைத்திருந்தது சீனர்களுக்கும் கரீபியர்களுக்கும் அரபு பேசுகிறவர்களுக்கும். நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த அடுத்த வீட்டுப் பண்பாடு தமிழாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

கதவைத் திறந்த அந்த அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். (நான் ஆன்ட்டி என்றுதான் ஆரம்பித்தேன், அவர் பேத்தி சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அன்ரி ஆகிவிட்டார்.) அவருடைய தமிழில் மாத்திரை குளிசை, சோப்பு சவர்க்காரம். அழகு என்பதற்கு வடிவு என்பார். அதையே "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று நன்றாக, நிறைவாக என்ற பொருளிலும் சொல்வார். இதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கும், சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இருவருக்கும் பொதுவான சொல்லில்தான் சிக்கல். ஒரு நாள் நான் நேர்முகத் தேர்வு முடித்து வந்தேன். வாசலில் நின்றிருந்தவர் கேட்டார், "அங்கை மனேஜர் என்ன சொன்னவர்?"

"அரை மணி நேரம் நல்லாப் பேசினார் அன்ரி," என்றேன் சந்தோஷமாக.

அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் பிள்ளை, நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?" அவருடைய தமிழில் பேசுவது என்றால் திட்டுவது. அரை மணி நேரம் ஒரு மனிதர் என்னை உட்காரவைத்துத் திட்டினார் என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. பேசுவதற்கு அவர்களிடம் கதைப்பது என்று வேறு சொல் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் வீட்டில் நான் கதைக்கிறேன்.

எழுத்து விஷயத்தை அவருடைய மகள் ஒரு நாள் விளக்கினாள். 'வெற்றி' என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். என் வாயில் கடைசியில் ஒரு ர வந்து ஒட்டிக்கொண்டது. அவள் சொன்னபோது அந்த ர இல்லை. நாக்கின் நுனி மேல்வரிசைப் பல்லுக்குச் சற்றுப் பின்னால் பட்டு விலகியது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் T என்ற எழுத்துக்கு வருகிற ஒலி கிட்டத்தட்ட அதேதான். அதனால்தான் அவர்களுக்கு அது பேஸ்மென்ற், ரிக்கெற், ரொறன்ரோ. காதில் விழுகிற ஒலியை அப்படியே எழுதுகிறார்கள். நான் எழுதுகிற டொராண்டோதான் ஒலியிலிருந்து தள்ளி நிற்கிறது. பழக்கத்தில் இன்னும் அப்படித்தான் எழுதுகிறேன், ஆனால் அந்தப் பத்திரிகைத் தலைப்பை இப்போது பார்த்தால் வேறு ஊர் என்று தோன்றுவதில்லை.

குளிர்காலத்தில் கணவருக்கு ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் கிடைத்தது. எனக்கு வேலை இல்லை. டிசம்பரில் மாலை 4 மணி 40 நிமிஷத்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அவர் கிளம்பிப் போன பிறகு அந்தக் கீழ்த்தள வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பேஸ்மென்ட்டின் ஜன்னல் உள்ளே எனக்குத் தலைக்கு மேல் இருக்கும், வெளியே தரையோடு தரையாக இருக்கும். நாற்காலியில் ஏறி நின்றால் தெரிவது ஒரு முழ உயரப் புல், அப்புறம் நடந்துபோகிறவர்களின் கால்கள். பனி கொட்டினால் அதுவும் மூடிக்கொள்ளும், உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் மட்டும் வரும். அந்த மூன்று மாதத்தில் எங்கள் தெருவில் எனக்கு முகங்கள் தெரியாது, செருப்பும் பூட்ஸும்தான் தெரியும். தபால்காரரின் பூட்ஸ் கணுக்கால்வரை உப்புக்கறை படிந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரத்தில் ஒரு பூட்ஸின் வார் எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். அடுத்த வீட்டிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் பூட்ஸ் வெளியே வரும், சின்னப் பாதம், குட்டிக் குட்டி அடிகள். கூடவே பனிவாரி தரையில் உரசுகிற சத்தம்.

அந்தத் தனிமையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. போனில் கேட்கிறவர்களிடம் இதைத்தான் நான் சொல்லாமல் விடுகிறேன். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கும்போதே, காரணம் சொல்லத் தெரியாமல், பாத்திரம் கழுவிக்கொண்டே அழுகை வரும். எனக்கு வந்தது.

அன்ரிக்கு அது எப்படித் தெரிந்தது என்று தெரியாது. மாலை ஐந்து மணிக்கு மேலேயிருந்து தரையை இரண்டு தரம் தட்டுவார். தேத்தண்ணி தயார் என்று அர்த்தம். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அவர் பழைய கதை சொல்வார். இலங்கையில் 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர் கணவர் முதலில் வந்து, நான்கு வருஷம் கழித்து அன்ரியை அழைத்த கதை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கையை முறை வைத்துத் தூங்கிய கதை. 1986 ஆகஸ்ட் 11இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு அலைந்ததையும், கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றியதையும் அவர் சொல்லித்தான் முதலில் கேட்டேன். அவர்களில் ஒருவரும் அவருக்குச் சொந்தமில்லை. இருந்தும் அந்த மீனவரின் பெயரை வீட்டு மனிதர் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். "எங்களுக்கு அப்ப இஞ்சை ஆர் இருந்தவை, பிள்ளை?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விசாவும் விமான டிக்கெட்டும் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமானால் திரும்பிப் போகலாம் என்ற உரிமையோடு வந்தவள். நானும் அவரும் ஒரே மொழி பேசி, ஒரே நகரத்தில், ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆனால் வந்த வழி ஒன்றல்ல. இதை மறந்துவிட்டு "நாமெல்லாம் தமிழர்தானே" என்று சுலபமாகச் சொல்லிவிடுவது சரியில்லை என்று அந்த மேசையில்தான் உறைத்தது. ஸ்கார்பரோவில் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்த்து நான் மனம் குளிர்கிறேனே, அந்தப் பலகைகளை மாட்டியவர்கள் இவர்கள்தான்.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு நாள் மேலே போனபோது அன்ரி கேட்டார், "நீர் சாப்பிட்டனீரோ?"

நீர்! நாங்கள் அதைப் பழைய நாடகங்களில்தான் கேட்டிருக்கிறோம், ராஜா புலவரைப் பார்த்துச் சொல்வார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்து மகளிடம் கேட்டேன். "இல்லையக்கா," என்றாள். "நீங்கள் எண்டால் வெளியாள். நீ எண்டால் வீட்டுப் பிள்ளை. நீர் எண்டது நடுவில. அம்மா சும்மா ஆருக்கும் சொல்லமாட்டா." அதற்குப் பிறகு "வாரும்", "இரும்", "தேத்தண்ணி குடியும்" எல்லாம் வந்தன. ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிமிர்வு.

வேலைக்கு வருவோம். எட்டு மாதம் தேடினேன். கணக்குத் துறையில் பதினோரு வருஷம் வேலை செய்திருக்கிறேன், இங்கே தேடியதும் அதே வேலைதான். "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று ஒரு நிறுவனத்தில் மூன்று தடவை கேட்டார்கள், மூன்றாவது தடவை கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். கனடாவில் வேலை கொடுத்தால்தானே கனடிய அனுபவம் வரும்? கணக்கு எங்கே எழுதினாலும் வரவும் செலவும்தான். 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்தில் அப்படிக் கேட்கக் கூடாது என்ற ஒன்டாரியோ சட்டம் 2026 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. எனக்குக் காலம் கடந்துதான் வந்தது, இருந்தாலும் அடுத்து வருகிறவர்களுக்காக மனசார சந்தோஷப்படுகிறேன்.

அந்த எட்டு மாதத்தில் என்னைத் தாங்கியது 54ஆம் நம்பர் பஸ். லாரன்ஸ் அவென்யூவில் கிழக்கும் மேற்குமாக ஓடும். பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டினால் 3 டாலர் 30 சென்ட், அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு எந்த பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி இறங்கலாம். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் மாற்றி, காய்கறி வாங்கி, ஒரே கட்டணத்தில் வீடு திரும்பக் கற்றுக்கொண்டேன். விக்டோரியா பார்க் அவென்யூவைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் அரபு எழுத்து வரும். மார்க்கம் சாலையை நெருங்கும்போது தமிழ் எழுத்து வரும். நடுவில் ஜன்னலுக்கு வெளியே எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே பேச்சும் அப்படியே மாறும். எனக்குப் பிடித்தது ஒன்று: இறங்குகிறவர்கள் பின்கதவில் நின்றுகொண்டு, பஸ்ஸின் மறுமுனையில் இருக்கும் டிரைவருக்குக் கேட்கிற மாதிரி "தேங்க் யூ" என்று குரல் கொடுப்பார்கள். பள்ளிப் பையன்களும் சொல்வார்கள், இரவு வேலை முடித்து அசந்துபோய் வருகிறவர்களும் சொல்வார்கள். நான் முதல் தடவை சொன்னபோது தொண்டையில் பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போது நானும் குரல் கொடுக்கிறேன்.

(ஸ்கார்பரோவுக்கென்று ஒரு ரயிலும் இருந்தது, மூன்றாம் தடம். 1985இலிருந்து ஓடியது. 2023 ஜூலை 24 மாலை கடைசிப் பெட்டி தடம்புரண்டு சிலருக்குக் காயம் பட்டது, அதோடு அதை மூடியே விட்டார்கள். அதற்குப் பதில் இப்போது பஸ்கள்தான். இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் சுரங்க ரயில் ஏறுகிற கென்னடி ஸ்டேஷன் வரைக்கும் எத்தனை நிமிஷம் என்று கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும், நம்மவர்கள் எல்லோருக்கும் வருவது. எனக்கு இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் போட்டேன். இங்கே எல்லா இடத்திலும் கூப்பிடுவது அந்தப் பெயரைத்தான். முதல் தடவை கிளினிக்கில் காத்திருந்தபோது வரவேற்பில் இருந்த பெண் அப்பா பெயரை, எழுத்து எழுத்தாகக் கூட்டி, சத்தமாகக் கூப்பிட்டார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு அறை நிறைய அந்நியர்களுக்கு நடுவில் யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள், எழுந்து நிற்க வேண்டியவள் நான். எழுந்திருக்கக் கால் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். "சரியாச் சொன்னேனா?" என்று அவர் கேட்டார். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

நூலகத்தில் வாரம் ஒரு நாள் ஆங்கிலம் பேசிப் பழகுகிற வட்டம் நடக்கும், கட்டணம் கிடையாது. எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் இந்த ஊரின் வேகத்துக்குக் காது பழகவில்லை என்பதால் போனேன். ஒரு வாரம் ஒவ்வொருவரும் தன் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கிளினிக் கதையைச் சொன்னேன். பக்கத்தில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு பெண், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாதாம். தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அதற்குப் பின்னால் தாத்தா பெயர். அவளையும் இந்த ஊரில் எல்லோரும் அவள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அங்கே உயிரோடு இருக்கிறார். "ஒவ்வொரு தடவையும் அவர் என்னோடு வந்திருக்கிற மாதிரி எழுந்து போவேன்" என்றாள். எனக்கு அப்படி நினைக்கத் தோன்றியிருக்கவில்லை. அந்த வட்டம் முடிந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். இந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அவள்தான். கிளினிக்கில் பெயரைக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் முதல் தடவையிலேயே எழுந்துவிடுகிறேன்.

சிவப்பு பூட்ஸுக்கு முகம் கிடைத்தது மே மாதத்தில். இங்கே தோட்டக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: மே மாதம் விக்டோரியா தினம் வருகிற நீண்ட வார இறுதி வரைக்கும் நாற்றுகளை மண்ணில் வைக்க மாட்டார்கள், அதற்கு முன் எந்த இரவிலும் உறைபனி வரலாம். அந்த வார இறுதியில் அன்ரிக்கு முழங்கால் வலி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கொத்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அதே வேலை. எண்பது வயது இருக்கும், பூப்போட்ட கை உறை, காலில் அந்த பூட்ஸ். அவருடைய பேத்தி அவரைப் போபோ என்று கூப்பிடுவாள், எங்களுக்கும் அவர் போபோதான். கான்டனீஸ் என்ற சீன மொழி தவிர வேறு மொழி கிடையாது. அன்ரியும் அவரும் இருபது வருஷமாக வேலிக்கு இரு பக்கமும் அவரவர் மொழியிலேயே கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

நான் கையில் வைத்திருந்த நாற்றைப் பார்த்ததும் போபோ கிட்டே வந்து இலையைக் கசக்கி முகர்ந்தார். "ஃபூக்வா!" என்றார். தன் பக்கம் ஓடிப்போய் அதே மாதிரி ஒரு நாற்றைக் கொண்டுவந்து காட்டினார். பாகற்காய்! அன்ரி சொன்னார், "ஓம், பாவக்காய்தான்." ஒரு காய்க்கு மூன்று பெயர். ஆகஸ்டில் காய்த்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்களுடையது கரும்பச்சை, முள்முள்ளாக, கைக்குள் அடங்குகிற அளவு. அவருடையது வெளிர்பச்சை, மெழுகு பூசியது போல மினுமினுப்பு, புடைப்புகள் உருண்டு உருண்டு, நீளம் ஒரு சாண் தாண்டும். மாற்றிக்கொண்டோம். அவருடைய காயை அன்ரி வட்டமாக நறுக்கி மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்தார், கசப்பு குறைவு, நீர் அதிகம். எங்களுடையதைப் போபோ என்ன செய்தார் என்று தெரியாது. மறுநாள் வேலி மேல் எங்கள் கிண்ணம் கழுவித் துடைத்து வந்திருந்தது, உள்ளே ஆறு பேரிக்காய்.

விதைகளையும் மாற்றிக்கொண்டோம். பழுத்த காயைப் பிளந்தால் விதைமேல் சிவப்பாக ஒரு சதை இருக்கும், அதை வழித்து எடுத்துவிட்டுக் காகிதத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அந்த விதையில் மூன்றாவது தலைமுறை இப்போது என் ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. கணவர் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். பெரிய வீடாகப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பார்க்கலாம், அவசரமில்லை.

நேற்று மாலை வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டேன். ஜன்னலில் டக் டக் என்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு பூட்ஸ். அப்புறம் ஒரு முழங்கால் தரையில் ஊன்றியது, அப்புறம் போபோவின் முகம். மூன்று வருஷத்தில் அந்த ஜன்னலில் நான் பார்த்த முதல் முகம். வானத்தைக் காட்டினார். இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். பின்பக்கத் தோட்டத்தைக் காட்டினார், அங்கே எங்கள் கறிவேப்பிலையும் முருங்கையும் இன்னும் வெளியே, தொட்டியில். இந்தப் பருவத்தின் முதல் உறைபனி. எனக்குப் புரிந்துவிட்டது என்று கையை ஆட்டுவதற்குள் மேலேயிருந்து அன்ரியின் குரல் கேட்டது.

"பிள்ளை! கெதியா வா, கறிவேப்பிலையை உள்ளுக்குத் தூக்கு!"

கழற்றிய கோட்டைத் திரும்பப் போடாமலே படியேறி ஓடினேன்.